கடைசிக் கைக்கு முதல் மரியாதை

52 சீட்டுகளிலிருந்து ஐந்தைந்தாக எடுத்தால் அமையக்கூடிய 25,98,960 கைகளில், ஜோடியோ வரிசையோ ஒரே சின்னமோ வாய்க்காத வெறுங்கைகள் மாத்திரம் 13,02,540; அதாவது பாதிக்குச் சற்று மேல். போக்கரின் பிரசித்தமான தரவரிசையோ இந்தப் பெருங்கூட்டத்தைக் கடைசிப் படியில் நிறுத்திவிட்டு, சொற்பமான பாக்கியசாலிகளைச் சீராட்டுவதிலேயே தன் சிரத்தையையெல்லாம் செலவிடுகிறது. தாழ்ந்த கையே வெல்லும் என்று விதித்துக்கொண்டு அமெரிக்கர் ஆடும் லோபால் ஆட்டத்தில்தான் அவ்வெறுங்கைகளுக்குள்ளும் நுட்பமான தாரதம்யம் பார்க்கப்படுகிறது என்று அறிந்தபோது, எனக்கு உண்மையிலேயே ஆனந்தம் உண்டாயிற்று.

அதிலும் ஊருக்கொரு நியாயம் உண்டு. கலிபோர்னியா முறையில் ஏஸுக்கு மதிப்பு ஒன்று. வரிசை அமைந்தாலும் ஒரே சின்னம் சேர்ந்தாலும் தோஷமில்லை. ஆகவே 5-4-3-2-ஏஸ் அங்கே தலைசிறந்த கை. கான்ஸாஸ் சிட்டி முறை இத்தகைய சலுகை எதையும் வழங்குவதில்லை. ஏஸை உச்சத்திலேயே இருத்தி, மூலத் தரவரிசையை ஏறக்குறைய அப்படியே தலைகீழாக்கி, எந்தக் கை கடையிலும் கடையென்று தள்ளப்பட்டதோ, ஒரே சின்னத்தில் சேராத அந்த 7-5-4-3-2 என்னும் கைக்கே அது மகுடம் சூட்டுகிறது. என் பக்ஷபாதம் முழுவதும் இதனிடமே.

இதன் கண்டிப்பை அறிய, 8-5-4-3-2 என்ற கையையும் 7-6-5-4-2 என்ற கையையும் எதிரெதிரே பரப்பிப் பார்க்கவேண்டும். முன்னதன் ஐந்தும் நாலும் மூன்றும் எதிரிலுள்ள ஆறு, ஐந்து, நாலு இவற்றினும் சிறியவை. இரண்டோ இருபுறமும் சமம். ஆயினும் தலைமேல் அமர்ந்த எட்டு ஒன்றினால் அது தோற்கிறது. ஏனெனில் பெரிய சீட்டிலிருந்தே கையைப் படிக்கவேண்டும் என்பது விதி, மேலே வழக்கு தீர்ந்தபின் கீழுள்ளவற்றை விசாரிப்பார் இல்லை. வென்ற கையிலேயே இரண்டுக்குப் பதிலாக மூன்று வந்திருக்குமானால் 7-6-5-4-3 என்று வரிசை கூடி, கூடியதே கேடாய், மூன்று ஏஸ் வைத்திருப்பவரிடங்கூட அது தோற்றிருக்கும். மூலத் தரவரிசையில் தலையாயதும் 4 மட்டுமே உள்ளதுமான ராயல் ஃப்ளஷ்ஷோ, இங்கே வந்து வாய்க்குமானால், அதனினும் இழிந்த கை வேறில்லை.

லாஸ் வேகாஸில் நடைபெறும் உலகப் போக்கர் பந்தயத்தில் பில்லி பாக்ஸ்டர் என்பவர் வென்ற 7 பரிசுக் கங்கணங்களும் தாழ்ந்த கை வெல்லும் ஆட்டங்களிலேயே வென்றவை. கான்ஸாஸ் சிட்டி ஆட்டத்தின் பழைய வடிவில் ஒரே முறைதான் சீட்டு மாற்றிக்கொள்ளலாம். ராஜாவையும் ஏஸையும் மனம் கூசாமல் கழித்துவிட்டு, இரண்டையும் மூன்றையும் போற்றி வைத்துக்கொள்ளும் பழக்கம் கைவந்தவருக்கே அது வசப்படும் என்பதில் எனக்கு ஐயமில்லை.