பந்தியும் பதிவேடும்

திருமண வீட்டில் ஊர் முழுவதையும் ஒரே பந்தியில் அமர்த்த இயலுமா? தரவுத்தளத்திலும் அப்படித்தான். உதவித்தொகை விண்ணப்பங்களை எடுத்துத் தரும் பைத்தான் நிரல் ஒன்றை எழுதியபோது இதனை நன்கு உணர்ந்தேன். இலட்சக்கணக்கான பதிவுகளை ஒருங்கே கேட்டால் நினைவகம் திணறும். ஆதலின் 500, 500 ஆகக் கேட்பதே முறை.

எவ்வாறு கேட்பது? 'முதல் 500ஐ விட்டு அடுத்த 500ஐத் தா' என்பது ஒரு வழி. இதனை லிமிட், ஆஃப்செட் என்பர். விட வேண்டிய வரிசைகளையும் தரவுத்தளம் ஒவ்வொரு முறையும் எண்ணிக் கடந்தாக வேண்டும். அது காலச் செலவு மட்டுமே. பெருந்தீங்கு வேறொன்று உண்டு. முதல் பந்தி முடிந்தபின் அதிலுள்ள ஒரு பதிவு நீக்கப்படின், 501ஆம் மாணவர் 500ஆம் இடத்துக்கு நகர்வார்; அடுத்த பந்தியில் அவர் அகப்படார். பிழைச்செய்தியும் வாராது. ஓர் ஏழை மாணவரின் படிப்பு ஓசையின்றி நின்றுபோகலாம்!

'கடைசியாகப் பெற்ற பதிவெண்ணுக்கு மேற்பட்ட 500ஐ வரிசையாகத் தா' என்று கேட்பதே நான் தேர்ந்த வழி. பதிவெண்ணுக்கு இண்டெக்ஸ் இருப்பதால் தரவுத்தளம் நேரே அவ்விடம் செல்லும். இடம் மாறலாம், எண் மாறாது. பசித்த ஒருவர் விடுபட்டாலும் பந்தி நிறைவன்று அன்றோ!