மூன்று சுழியும் ஒரு விசையும்

தாராவியின் தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்தொன்றில் வாழும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் அவன். தமிழ்வழியில் பயில்கிறான். ‘கணம்’, ‘கனம்’ இரண்டின் பொருள் வேறுபாட்டை வாயால் கேட்டால் தயங்காமல் சொல்வான். எழுதச் சொன்னாலோ ணகரத்தின் மூன்று சுழி சில வேளை இரண்டாகும், சில வேளை நான்காகும். சிவப்பு மை அதை எழுத்துப்பிழை என்றே வட்டமிடும்.

மாட்டுங்காவில் வீட்டுவேலைக்குச் செல்லும் அவன் தாய் ஒருநாள் பள்ளிக்கு வந்து சொன்னார்: “அவனுக்கு எல்லாம் தெரியும் டீச்சர். கைதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது.”

டிஸ்பிராக்சியாவை இதனினும் துல்லியமாக விளக்குவது கடினம். அறிவில் குறையில்லை, அசைவைத் திட்டமிட்டு வரிசைப்படுத்தி நிறைவேற்றுவதில்தான் இடர்ப்பாடு. சட்டைப் பொத்தான், காலணிக் கயிறு, பென்சில் மூன்றும் அத்தகைய குழந்தைக்குப் போராட்டமே. பள்ளி வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து, ஆறு பேருக்கு இது உண்டு என்பது மருத்துவ மதிப்பீடு. வகுப்பறையில் அவர்களுக்குக் கிடைக்கும் பெயர் சோம்பேறி என்பதே.

தமிழ் எழுத்து இக்கைகளிடம் நிறையவே கேட்கிறது. கு, சு, து, ணு ஆகிய நான்கிலும் ஒலிப்பது ஒரே உகரம். வடிவமோ நான்கு விதம். ‘கெ’ என்பதில் பின்னால் ஒலிக்கும் எகரத்தின் குறியை முன்னால் எழுத வேண்டும். 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் இச்சுமை இல்லை. ககரத்தை அழுத்தி எகரத்தை அழுத்தினால் ‘கெ’. உகரம் எந்த மெய்யோடு சேர்ந்தாலும் ஒரே விசை. ணகரத்துக்கும் னகரத்துக்கும் தனித்தனி விசைகள். சுழிகளை எண்ண வேண்டியதில்லை. ஒலியின் வரிசையே விரலின் வரிசை.

ஆயினும் கணினி மந்திரக்கோல் அன்று. விசையைத் தேடித் தொடுவதும் அசைவே. அதுவும் இக்குழந்தைகளுக்கு மெதுவாகவே வசப்படும். மாட்டுங்கா வீட்டார் கொடுத்த பழைய மடிக்கணினியோடு சென்றபோது, செம்பூரில் பயிற்சி அளிக்கும் பெண்மணி விதித்தது இதுதான்: நாளுக்குப் பத்து நிமிடம், வாரத்துக்கு மூன்று விசைகள். தேர்வு ஆண்டில் தொடங்கினால் பயனில்லை. முன்பே தொடங்க வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளுள் டிஸ்பிராக்சியாவையும் பெயர் சொல்லிச் சேர்த்துள்ளது. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2018இல், சிறப்புத் தேவையுள்ள மாணவர்கள் இணையத் தொடர்பற்ற கணினியில் விடை எழுத இசைந்தது. பல பள்ளிகளில் முதலில் நினைவுக்கு வருவது சொல்வதை எழுதுபவரே. ஆனால் மும்பையில் தமிழ்த்தாளுக்குத் தமிழ் எழுதத் தெரிந்தவரைத் தேட வேண்டும். கிடைத்தாலும் தாளில் பதிவது அவருடைய எழுத்தறிவு, மாணவனுடையது அன்று.

இவ்வேறுபாடு மழைக்காலத்தில் விளங்கிற்று. ஐந்து மாதப் பயிற்சிக்குப் பின் அவன் தட்டச்சிட்ட முதல் கட்டுரையில் ணகரமும் னகரமும் ஓரிடத்திலும் தவறவில்லை. ஆனால் ஒரு வரி இப்படி இருந்தது: ‘இரவில் வீட்டுக்குள் வெல்லம் புகுந்தது.’

ஆசிரியை சிரித்துவிட்டார். பிறகு அமைதியானார். லகரமும் ளகரமும் அவ்விசைப்பலகையில் அருகருகே இல்லை. அது விரல் தவறியதன்று. இத்தனை ஆண்டுச் சிவப்பு வட்டங்களுக்கிடையே, அவனுக்கு உண்மையிலேயே தெரியாத ஒன்று அன்றுதான் அவர் கண்ணுக்குப் புலப்பட்டது. கரும்பலகையில் ‘வெள்ளம்’, ‘வெல்லம்’ இரண்டையும் எழுதி அவனை அருகே அழைத்தார்.