கடைசியில் வருபவரின் கடிகாரம்

சாலை ஓட்டம் என்பது, அளந்து வட்டமாக அமைத்த மைதானத் தடத்தில் அல்லாமல், மக்கள் அன்றாடம் புழங்கும் தெருக்களிலும் நெடுஞ்சாலைகளிலும் நடைபெறும் நெடுந்தொலைவுப் பந்தயமாகும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தரையோடு முடிவதில்லை. மைதானத் தடத்தில் வயதாலும் தகுதியாலும் ஏறக்குறையச் சமமானவர்களே ஒரு கோட்டில் நிறுத்தப்பட, சாலையிலோ உலகத்தரப் போட்டியாளரும், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வந்த பாட்டியும் ஒரே காலையில் ஒரே தொடக்கக் கோட்டை மிதிக்கிறார்கள். விடுமுறை நாளில் இந்தக் கலப்பு இன்னும் மிகும். அட்லாண்டாவில் 1970 ஜூலை 4 அன்று, அமெரிக்க விடுதலை நாள் விடுமுறையில், 110 பேர் ஓடி முடித்த பீச்ட்ரீ பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் இன்று பல பத்தாயிரம் பேரின் குடும்ப வழக்கமாகிவிட்டது; பெங்களூரில் 2008இல் தொடங்கி, பல ஆண்டுகள் மே மாதத்தில் நடந்துவந்த பத்துக் கிலோமீட்டர் பந்தயமும் ‘மஜா ரன்’ என்னும் கேளிக்கை ஓட்டத்தையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

இத்தகைய ஓட்டத்தில் ஒரு குடும்பம் சேர்ந்து கலந்துகொள்ளும்போது எழும் கேள்வி எளிமையானது, ஆனால் விடை எளிதன்று: அந்தக் குடும்பம் எவ்வளவு நேரத்தில் ஓடியது? பந்தய நேரத்தை இரண்டு வகையாகக் கணக்கிடுவர். தொடக்கத் துப்பாக்கி வெடித்த நொடியிலிருந்து எண்ணப்படுவது துப்பாக்கி நேரம். காலணியிலோ எண் அட்டையிலோ பொருத்திய சிறு ‘சிப்’, தொடக்கக் கோட்டில் விரித்த பாயைக் கடந்த நொடியிலிருந்து எண்ணப்படுவது நிகர நேரம். கூட்டத்தின் பின்வரிசையில் குழந்தையின் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவருக்கும் நியாயம் செய்வது இரண்டாவது முறை. எனினும் இரண்டுமே தனிமனிதரை மட்டும் அளக்கின்றன. ஐவர் கைகோத்து முடிவுக்கோட்டைக் கடந்தாலும் கருவி ஐந்து வெவ்வேறு நேரங்களையே பதியும். குடும்பம் என்ற ஓட்டக்காரர் அந்தப் பட்டியலில் இடம்பெறுவதேயில்லை.

2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் மாரத்தானில் ஜெர்மனியின் இரட்டைச் சகோதரிகளான அன்னா, லிசா ஹானர் இருவரும் கைகோத்துச் சிரித்தபடி முடிவுக்கோட்டைக் கடந்தபோது, அவர்களுக்கு 81, 82 என்று தனித்தனி இடங்களே வழங்கப்பட்டன; தம் முழு வலிமையையும் காட்டாமல் விளம்பரம் தேடினார்கள் என்று ஜெர்மானியத் தடகள அமைப்பு அவர்களைக் கடிந்துகொண்டது. ஒலிம்பிக் என்ற அளவில் அந்தக் கண்டனத்தில் ஒரு தர்க்கம் உண்டு. விடுமுறைச் சாலை ஓட்டத்துக்கு அதே தர்க்கத்தைக் கொண்டுவருவது, கோயில் திருவிழாவில் தேர் எத்தனை நிமிடத்தில் நிலைக்கு வந்தது என்று கடிகாரம் பார்ப்பதைப் போன்றது.

டிக் ஹாய்ட், ரிக் ஹாய்ட் என்ற அமெரிக்கத் தந்தை மகன் இணை இதற்கு வேறொரு விடை கண்டது. பெருமூளை வாதத்தால் கைகால் இயக்கம் இழந்த மகனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளியபடி 1977இல் ஐந்து மைல் ஓட்டம் ஒன்றில் தொடங்கிய தந்தை, 2014 வரை பாஸ்டன் மாரத்தானை மட்டும் 32 முறை அவ்வாறே ஓடினார். அங்கே நாற்காலி இருவரின் வேகத்தையும் ஒன்றாக்கிவிட்டது. ஆனால் பத்து வயதுப் பெண்ணையும் எழுபது வயதுப் பாட்டியையும் பிணைக்கும் அத்தகைய கருவி எதுவும் சாதாரணக் குடும்பத்திடம் இல்லை. அங்கே வேகம் பேசித்தான் முடிவாக வேண்டும்.

கடிகாரத்தையே அகற்றிவிடுவது மூன்றாவது வழி. மும்பை மாரத்தானின் ‘ட்ரீம் ரன்’னில் நேரம் பதியப்படுவதில்லை, 2008இல் தொடங்கிய ஆரோவில் மாரத்தானும் வெற்றியாளர் என்று எவரையும் முன்னிறுத்தாமல் ஓட்டத்தின் மகிழ்ச்சியையே முன்வைக்கிறது. இந்த ஏற்பாடு பெரியவர்களுக்குப் பிடித்திருப்பதில் வியப்பில்லை. பிள்ளைகள் மட்டும் முடிவுக்கோட்டைத் தாண்டியதும் ‘எத்தனை நிமிஷம்?’ என்றே முதலில் கேட்பார்கள் என்பதால், கடிகாரத்தை ஒழிப்பதைவிட, அது யாருக்காக ஓடவேண்டும் என்று தீர்மானிப்பதே பயனுடைய வேலையாகத் தோன்றுகிறது.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்க்க வண்டூரைப் போலப் பொருத்தமான ஊர் அரிது. தெற்கு அந்தமானின் தென்மேற்குக் கரையில், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரிலிருந்து 25 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில், சாலை கடலில் முடியும் இடத்தில் அது இருக்கிறது. 1921 மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் தண்டனை பெற்று இங்கே அனுப்பப்பட்ட மாப்பிளாக்கள் என்னும் மலபார் முஸ்லிம்கள் தங்கள் சொந்த ஊர்ப் பெயர்களைக் கூடவே கொண்டுவந்தார்கள். மஞ்சேரி, கோழிக்கோடு, திரூர் என்ற பெயர்களைப் போல வண்டூரும் கடல் கடந்து வந்த பெயரே. கைதிகள் தம் குடும்பத்தினரை வரவழைத்துக் குடியமர்த்திக்கொள்ள ஆங்கில அரசு அப்போது இடமளித்ததால், இவ்வூர்களின் வரலாறு தனிமனிதரின் தண்டனையாகத் தொடங்கிக் குடும்பங்களின் வாழ்க்கையாக மாறியது.

அந்தமானில் ஓடுபவர் முதலில் அறியவேண்டியது, இங்குள்ள கடிகாரம் இந்தத் தீவுகளுக்காக அமைக்கப்பட்டதன்று என்பதாகும். இந்தியப் பொது நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது; வண்டூரோ ஏறத்தாழ 92.6 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில், இங்கே சூரியன் கடிகாரத்தைவிட நாற்பது நிமிடம் முந்தி நடக்கிறது. மே மாத நடுவில் காலை ஐந்து மணியளவிலேயே பொழுது விடிந்துவிடும். மாலை ஆறுக்கு முன்பே அடைந்துவிடும். ‘மெயின்லேண்ட்’ என்று தீவுக்காரர்கள் சொல்லும் பெருநிலத்தைப் பார்த்து ஆறு மணிக்குப் பந்தயம் வைத்தால், வெயிலின் கணக்கில் அது ஆறே முக்காலை நெருங்கிவிடும்.

தமிழ்நாட்டின் கத்திரி வெயிலோடு ஒப்பிட இங்கு வெப்பமானி காட்டும் அளவு குறைவுதான், பகலில் பெரும்பாலும் முப்பதைச் சற்றுத் தாண்டும். ஆனால் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. உடலைக் குளிர்விப்பது வியர்ப்பதன்று, வியர்வை ஆவியாவதே. 2007 அக்டோபரில் சிகாகோ மாரத்தான் பாதியில் நிறுத்தப்பட்டதும் காலத்துக்குப் பொருந்தாத வெப்பமும் ஈரமும் சேர்ந்ததால்தான். குழந்தைகளுக்கு எடையோடு ஒப்பிடத் தோலின் பரப்பு அதிகமாகையால் வெளிவெப்பம் விரைவில் ஏறும். முதியோருக்குத் தாகம் தாமதமாகவே தெரியும். இதில் கவனிக்கப்படாத கணக்கு ஒன்றுண்டு: ஐந்து கிலோமீட்டரை வேகமாக ஓடுபவர் அரைமணியில் முடித்து நிழலுக்குப் போய்விட, நடந்து வருபவர் ஒரு மணிநேரமோ அதற்கு மேலோ வெயிலில் இருக்கிறார். முதலில் வருபவரின் வசதிக்காக வைக்கப்படும் தொடக்க நேரம் கடைசியில் வருபவரின் மேல்தான் சுமையாக இறங்குகிறது என்பதால், வண்டூரில் ஐந்து மணிக்குத் தொடங்குவதே குடும்ப ஓட்டத்தின் முதல் விதியாக வேண்டும்.

பிறகு வருவது நடையின் கணக்கு. பிள்ளை முதல் இருநூறு அடியைப் பாய்ந்து ஓடிவிட்டு மூச்சிரைத்து நிற்கும். அப்பா தம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். இருவரும் மாறிமாறி ஓடியும் நின்றும் களைக்கும்போது, தொடக்கம் முதல் ஒரே சீராக நடந்து வந்த பாட்டி மூன்றாவது கிலோமீட்டரில் இயல்பாகவே அவர்களோடு சேர்ந்துகொள்வார். ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்ப்பது பயிற்சியாளர்கள் பரிந்துரைக்கும் எளிய அளவுகோல். குடும்பத்துக்கு அது இரட்டைப் பயனுடையது, ஏனெனில் வீட்டில் அவ்வளவு நேரம் இடைவெளியின்றி யாரும் யாரிடமும் பேசுவதில்லை.

தண்ணீரும் இங்கே தனிச் சிக்கல். வண்டூரைத் தலைவாயிலாகக் கொண்டு 1983இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்த ஜாலி பாய் தீவுக்குப் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி கொண்டுசெல்லத் தடை உண்டு. அத்தகைய தீவுக்குப் படகேறும் ஊரில், பெருநகரப் பந்தயங்களைப் போலப் பயன்படுத்தி எறியும் குவளைகளைச் சாலையெங்கும் சிதறவிடுவது பொருந்தாது. ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளரைப் பையில் கட்டிவரச் சொல்வது கேலிக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் நம் குடும்பங்கள் ரயில் பயணத்தில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது அதுவே.

கடற்கரை மணலில் ஓடலாமே என்று விருந்தாளிகள் கேட்பதுண்டு. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்து, கரையோர மரங்கள் வேரோடு சாய்ந்தன. உப்புநீர் முதலை பற்றிய எச்சரிக்கைப் பலகையும் கரையில் நிற்கிறது. ஆகவே சாலையே நல்லது. பந்தயங்களில் ‘கட்-ஆஃப்’ என்று ஒன்று உண்டு, அதாவது சாலையை மீண்டும் வண்டிகளுக்குத் திறந்துவிடும் நேரம். அதற்குள் வராதவர்களை ஒரு வண்டி பின்னால் வந்து ஏற்றிக்கொள்ளும். வண்டூரில் அந்த நேரத்தைத் தீர்மானிக்க வேண்டியவை, பூங்காப் படகுகளைப் பிடிக்க ஜெட்டிக்கு வரும் பயணிகளின் கார்கள். ஐந்து மணிக்குத் தொடங்கினால், முதல் கார் ஊருக்குள் நுழையும் முன்பே பாட்டி ஜெட்டியின் திண்ணையில் உட்கார்ந்து, டம்ளரை நீட்டி, இரண்டாம் முறை தண்ணீர் கேட்டிருப்பார்.