தாத்தா பேர்ல பட்டா

போன ஆயுத பூஜை லீவுக்கு திருச்சுழி பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தேன். குதிரைவாலி கொள்முதல் பண்ண ஒரு தனியார் கம்பெனி ஆட்கள் வந்திருந்தாங்க. விதை தர்றோம், களத்துலயே எடை போட்டு எடுத்துக்கிறோம்னு நல்லாத்தான் பேசினாங்க. (டீ, வடை வேற!) கடைசியில கேட்டாங்க: "பட்டா நகல் எங்க?"

பெரியப்பா முழிச்சார். எங்க காலனியில தலித் குடும்பங்கள்தான். பாதி நிலம் இன்னும் செத்துப்போன தாத்தாக்கள் பேர்லதான் இருக்கு. மாத்தணும்னா வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போடணும். எங்க சித்தப்பா ஒருத்தர் திருப்பூர்ல. இன்னொருத்தர் எங்க இருக்கார்னே தெரியாது. மானாவாரியில கிடந்து பாடுபடுறவர் பேரு லிஸ்ட்ல ஏறலை.

அமெரிக்காவுல கறுப்பின விவசாயிகளுக்கும் இதே தலைவலிதான். உயில் எழுதாம கைமாறி வந்த நிலம், தெளிவான பத்திரம் இல்லை, அதனால கடனும் கிடைக்காது. அங்க 2018 விவசாயச் சட்டத்துல இப்படிப்பட்ட நிலத்துக்கு மாற்று ஆவணங்களை ஏத்துக்க வழி பண்ணினாங்க.

நம்ம 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்துல 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவழிக்கணும். அதுல விதைப் பாக்கெட்டோட, வாரிசுச் சான்றுக்கு அலையவும் வக்கீலுக்கும் கொஞ்சம் ஒதுக்கினா என்ன பாஸ்?

தை மாசம் பெரியப்பா பழைய வியாபாரிகிட்டயேதான் போட்டார்.