பரணிலிருந்து திண்ணைக்கு

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பேருந்தில் பாதிப்பேர் முதியவர்கள். கீழே ஆஸ்பத்திரிக்கோ பேங்குக்கோ போய்த் திரும்புகிறவர்கள். எழுபதைத் தாண்டியிருப்பார் என்று தோன்றிய ஒருவர், நடுவழியில் நிறுத்தச் சொல்லி, அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போனார். அவரை யாரும் வியப்பாகப் பார்க்கவில்லை, என்னைத் தவிர.

ஜவ்வாது மலைக்கு வருகிறவர்கள் பீமன் அருவியைப் பார்ப்பார்கள். காவலூரில் 1986 முதல் வானத்தை நோக்கிக்கொண்டிருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியைப் பார்ப்பார்கள். இரண்டுமே பார்க்க வேண்டியவைதான். என்னை இந்த மலையில் கட்டிப்போட்டது இங்கே மனிதர்கள் மூப்படையும் விதம்.

காரணம் இருக்கிறது. அண்மையில் கோவையில் ஒரு முதியோர் குடியிருப்புக்குப் போயிருந்தேன். நன்றாக நடமாடுகிறவர்களுக்குத் தோட்டத்தோடு தனி வீடு. குளிக்க, உடுத்தக் கைத்துணை வேண்டியவர்களுக்கு இன்னொரு கட்டடம். படுக்கையோடு இருப்பவர்களுக்கும் நினைவு தப்பியவர்களுக்கும் மூன்றாவது. அங்கே இரவும் பகலும் செவிலியர் உண்டு. பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்ட பெற்றோர்க்கு அது பெரிய ஆறுதல், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உடம்பு ஒரு படி தளர்ந்தால் அங்கே வீடு மாறுகிறது, பக்கத்து வீட்டு முகமும் மாறுகிறது.

மலையிலும் படிகள் உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் பூர்வீகத்தைச் சொல்லும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் இவை. கால் வலுவாக இருக்கும்வரை கிழவர் இரவில் பரண்மேல் உட்கார்ந்து கொல்லையைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கிறார். பரண் ஏற முடியாதபோது ஆடு மேய்க்கிறார். ஆட்டின் பின்னால் ஓட முடியாதபோது திண்ணையில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். படி இறங்க இறங்க வேலைதான் மாறுகிறது. ஊரும் கூரையும் அப்படியே இருக்கின்றன.

ஒரு திண்ணையில் ஆயா ஒருவர் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. முறத்தை அவர் ஆட்டும் ஆட்டத்தில் உமி முன்விளிம்புக்கு ஓடிப் பறந்தது, கடுகளவு அரிசி பின்னால் ஒதுங்கியது. பிறகு முறத்தை மடியில் வைத்து, விரல்நுனியால் தடவித்தடவிக் கல்லைப் பொறுக்கினார். சாமையும் மணற்கல்லும் ஏறக்குறைய ஒரே பருமன். எனக்குக் கண்ணிருந்தும் தெரியாத கல்லை அவர் விரல் கண்டுபிடித்து வெளியே போட்டது. மெச்சினேன். "கண்ணுதான் போச்சு சாமி, கையி போவலியே" என்றார். மருமகள் மதியத்துக்கு அந்த அரிசியைத்தான் உலையில் போட்டாள்.

இரண்டு வீடு தள்ளி ஒரு தாத்தா, பக்கவாதத்தில் விழுந்தவர். அங்கே அரசின் கையும் தெரிந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் மாத்திரை உறை அவர் தலைமாட்டில் இருந்தது. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை தருவதற்கும், கைகால் பயிற்சிக்கும், படுத்த படுக்கையானவர்களின் வலியாற்றும் சிகிச்சைக்கும் வீடு தேடி வருவதுதான் அந்தத் திட்டம். முதியோர் உதவித்தொகையான ஓஏபி பணமும் மாதாமாதம் வருகிறது. கோவைக் குடியிருப்பின் மூன்று கட்டடங்களையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவர முடியும் என்று நம்ப வைக்கும் ஏற்பாடு இது. நல்ல அரசுத் திட்டம் ஒன்றைக் கண்ணெதிரே பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு.

ஆனால் சாலை இல்லாத ஊரில் எந்தப் படியும் உடைந்துவிடும். மலையின் வேலூர்ப் பக்கம் அல்லேரியில் 2023 மே மாதம் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாததால் நேரத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க முடியவில்லை. இறந்த பிள்ளையைத் தாய் கையில் சுமந்துதான் மலையேறினாள். குழந்தைக்கே இந்த நிலை என்றால், டோலி கட்டி நாலுபேர் தூக்க வேண்டிய கிழவருக்கு என்ன வழி?

தூக்குவதற்கு அந்த நாலுபேர் ஊரில் இருக்க வேண்டுமே. மழையை நம்பிய சாமைக் கொல்லை ஒரு குடும்பத்தை ஆண்டு முழுக்கக் காப்பாற்றாது. இளையவர்கள் கேரளத்துக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் போகிறார்கள். செம்மரம் வெட்டவும் கூட்டிப்போகப்பட்டார்கள்; 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற 20 பேரில் இந்த மலைக்காரர்களும் உண்டு. மகனை இழந்த கிழவனும் கிழவியும் பேரனை வளர்த்து ஆளாக்குவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பக்கவாதத் தாத்தாவின் மருமகள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "தண்ணி பெட்டு எங்கண்ணா கிடைக்கும்?" முதுகில் புண் வைத்துவிடும் என்று செவிலியர் சொல்லியிருக்கிறார். இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டுமாம். கனத்த உடம்பு, ஒருத்தியால் ஆகாது. புருஷன் காப்பித் தோட்டத்தில். கொல்லையில் அறுப்பு இருக்கிற நாளில் பக்கத்து வீட்டிலும் ஆள் இல்லை. தண்ணி பெட் வேலூரில் கிடைக்கும், சொன்னேன். அதற்கும் மேலே அவளுக்குத் தேவை கூடப் பிடிக்க இன்னொரு ஆள். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலருக்குத் துணையாக, ஊர்ப் பெண் ஒருத்திக்கே பயிற்சியும் சம்பளமும் கொடுத்து அந்த ஆளாக வைக்கலாம். காப்பித் தோட்டம் போகாமல் ஊரிலேயே இருக்க அவளுக்கும் ஒரு வேலை கிடைத்துவிடும்.