மூன்று போத்தல் றம்மும் ஒரு முட்டி கள்ளும்

பேராதனையில் என்னோடு கலைப்பீடத்தில் படித்த நண்பன் ஒருவன் கடந்த ஆடி மாதம் ஊருக்கு வந்திருந்தான். ரொறன்ரோவில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வாழ்பவன். பெட்டிக்குள் காற்சட்டைகளால் சுற்றி மூன்று போத்தல்களைக் கொண்டுவந்திருந்தான். ஒன்று ஜமேக்கா, மற்றது மார்ட்டினிக், மூன்றாவது கயானாவின் டெமெராரா. மூன்றுமே றம்.

"மச்சான், நீ முப்பது வருசமாய் எழுதுகிறாய். ஒருநாளாவது நல்ல றம் குடித்திருக்கிறாயா?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்த றம் ஒன்றுதான். சென்னைக்குப் போகும்போதெல்லாம் அங்குள்ள பத்திரிகை நண்பர்கள் ஊற்றித் தந்த ஓல்ட் மொங்க். 1954 இல் சந்தைக்கு வந்தது. வனிலா மணமும் கருவெல்லத்தின் இனிப்பும் கொண்ட அந்தக் குண்டுப் போத்தலை நம்பியே இந்தியாவின் பாதிப் பத்திரிகைகள் வெளிவந்தன என்று அவர்கள் சொல்வதுண்டு. அதை அவனிடம் சொன்னேன். சிரித்தான்.

கற்பிட்டியில் கடற்கரையோரமாக ஒரு விடுதியில் தங்கினோம். கச்சான் காற்று வெறிகொண்டு வீசும் காலம். பட்டச் சறுக்கலுக்கு வரும் வெள்ளையர்களுக்கு அது வரம். கண்ணாடிக் குவளையை மேசையில் வைத்துவிட்டுப் பேச நினைப்பவர்களுக்கோ பெரும் உபத்திரவம். சுவரோரமாக ஒதுங்கி அமர்ந்துகொண்டோம்.

கரும்புச் சாற்றிலிருந்து சீனியைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகை நொதிக்கவைத்து வடிப்பதே றம்மில் பெரும்பாலானது. பதினேழாம் நூற்றாண்டில் கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பில் பிறந்த பானம் அது. பிரித்தானியக் கடற்படை தன் மாலுமிகளுக்கு நாள்தோறும் அதை அளந்து கொடுத்து வந்தது. 1970 யூலை 31 ஆம் நாள்தான் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். ஜமேக்கா றம்மை மூக்கருகே கொண்டு சென்றதும், அளிந்த பலாப்பழமும் வாழைப்பழமும் ஒன்றாக மணந்தன. முந்தைய வடிப்பில் எஞ்சிய கழிவுநீரை அடுத்த நொதிப்பில் சேர்த்து, நாட்கணக்கில் புளிக்கவிட்டு, பானை வடிகலத்தில் இறக்குவதால் வரும் மணம் அது. கியூபாவின் றம் இதற்கு நேர்மாறானது. உயர்ந்த தூண் வடிகலத்தில் மணங்களைக் கழித்து மெல்லியதாக்கி எடுப்பார்கள். தேசிக்காய்ப் புளியும் சீனியும் கலந்து டைக்கிரி செய்வதற்கு அதுவே உகந்தது என்றான் நண்பன். டெமெராராவை எதனோடும் கலக்கவிடவில்லை. கயானாவில் மரத்தாலான பழைய வடிகலங்களை இன்னமும் பயன்படுத்துகிறார்கள். புகையும் பனங்கட்டியும் சேர்ந்தாற்போன்ற அந்தச் சுவையை ஒரு மணிநேரம் வைத்து உறிஞ்சலாம்.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது மார்ட்டினிக்தான். அங்கே கழிவுப்பாகு இல்லை. வெட்டிய கரும்பைப் பிழிந்து, பச்சைச் சாற்றையே நொதிக்கவைத்து வடிக்கிறார்கள். பிரான்சு தன் திராட்சை மதுக்களுக்கு வழங்கும் பிறப்பிடச் சான்றை 1996 இல் இதற்கும் வழங்கியது. புல்லின் மணம், மண்ணின் மணம். எங்கோ குடித்திருக்கிறேனே என்று நாக்கு தேடியது. பிறகுதான் பிடிபட்டது. இது நம் தென்னஞ் சாராயத்தின் சகோதரன்!

சாராயத்திலும் இதே இரண்டு சாதிகள் உண்டு. தென்னம்பாளையிலிருந்து இறக்கிய கள்ளை வடித்துப் பெறுவது ஒன்று. சீனி ஆலையின் கழிவுப்பாகிலிருந்து வடித்து, நிறமும் மணமும் ஊட்டியது மற்றது. கல் ஓயாக் கரும்பின் பெயரால் நம்மவர் 'கல்' என்று கேட்டு வாங்கிக் குடித்தது, உலக வழக்கில் றம்மின் உறவினன் என்பது குடித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இரண்டையும் கலந்து விற்பவையும் ஏராளம். போத்தலின் முகப்பில் தென்னைமரம் இருக்கும். உள்ளே எவ்வளவு தென்னை என்பதைச் சிறிய எழுத்தில் தேடவேண்டும். சுத்தமான கள்ளுச் சாராயம் ஹல்மில்ல மரப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் உறங்கி எழும்போது, அதற்கு எதையும் கலப்பது பாவம். இளஞ்சாராயத்துக்கு மட்டும் தேசிக்காயும் இஞ்சிப் பியரும் பொருந்தும்.

இதை நான் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் நண்பன் அதைக் கேட்டான்.

"அப்படியென்றால் கசிப்பும் ஒருவகை றம்தானே? அதுவும் சீனியில்தானே காய்ச்சுகிறார்கள்?"

வேடிக்கையாகத்தான் கேட்டான். அவனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

என் மூத்த அண்ணன் 1998 இல் இறந்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு. சிலாபத்துக்கு வடக்கே, களப்போரக் கண்டல்களுக்குள் தகரப் பீப்பாய்களில் காய்ச்சிய கசிப்புத்தான் அவரைக் கொண்டுபோனது. தொடக்கத்தில் தவறணையில் கள்ளுக் குடித்தார். பிறகு சாராயம். கடல் தொழில் படுத்து, கையில் காசில்லாமல் போனபோது கசிப்பு. நான் அப்போது ஒரு தமிழ் நாளேட்டின் பிரதேசச் செய்தியாளன். கசிப்பு மரணங்களை மாதத்துக்கு ஒன்றாவது எழுதி அனுப்புவேன். உள்பக்கத்தில் நான்கு வரியில் வரும். அண்ணனுடைய மரண அறிவித்தலை நானே எழுதினேன். 'திடீர் மாரடைப்பால்' என்று எழுதினேன். அம்மா அப்படி எழுதச் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை.

ஊரார் மரணத்துக்குக் காரணம் எழுதிய கை, வீட்டு மரணத்துக்கு எழுதவில்லை. இத்தனை ஆண்டுகளில் இதை எங்கும் எழுதியதில்லை. அன்றிரவு நண்பனிடம் சொன்னேன். அவன் குவளையைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தான். காற்று மட்டும் ஓயவில்லை.

வெள்ளையர் ஆட்சியில் சாராயக் குத்தகையை ஏலம் விட்டு அரசு வருமானம் தேடியது. அந்தக் குத்தகையை எடுத்துக் கோடீஸ்வரரான குடும்பங்கள் பிற்பாடு நாட்டின் தலைமைக் குடும்பங்களாகவும் ஆயின. 1912 இன் மதுவரிச் சட்டத்தை எதிர்த்து எழுந்த மதுவிலக்கு இயக்கத்தில்தான் நம் அரசியல்வாதிகள் பலர் மேடையேறப் பழகினார்கள். அன்றும் இன்றும் திறைசேரிக்கு இந்தப் பணமில்லாமல் முடியாது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வரி பலமுறை ஏறியது. முத்திரையிட்ட போத்தலின் விலை கூலித் தொழிலாளியின் கைக்கு எட்டாமல் போகும்போது அவன் குடியை விடுவதில்லை. கண்டல் காட்டுக்குப் போகிறான். அண்ணன் போனது போல. மூன்று நாட்டு மணங்களை ஒப்பிட்டு நான் மேதாவித்தனம் பேசிக்கொண்டிருந்த இடத்துக்கும் அவர் குடித்த இடத்துக்கும் இடையே சில மணிநேரப் பயணந்தான்.

மறுநாள் கொழும்பு திரும்பும் வழியில் மாரவிலவில் இறங்கினோம். எனக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமான கள் இறக்கும் பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். அறுபத்துமூன்று வயது. சிங்களவர், இந்தக் கரையின் பழையவர்கள் பலரைப் போலத் தமிழும் பேசுவார். மரத்துக்கு மரம் கட்டிய தும்புக் கயிறுகளில், கீழே இறங்காமலே நடந்து போகிறார். விரியாத பாளையை இறுகக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி முட்டியைக் கட்டவேண்டும். சொட்டத் தொடங்கும்போதே காற்றிலுள்ள நுண்ணுயிர் புளிக்கவைக்கத் தொடங்கிவிடும். வடிசாலைக்கு விரைந்து போய்ச் சேராவிட்டால் அது வினாகிரிதான்.

நண்பன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். கரீபியனில் வெட்டுகிறவனின் கால் மண்ணில் இருக்கிறது, இங்கே மனிதன் வானத்தில் நடக்கிறான் என்றான். அவன் படம் எடுக்கக் கைபேசியைத் தூக்கியதும், பெரியவர் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சாரத்தைச் சரிசெய்தார். எங்கள் நெஞ்சு பதறியது.

கீழே வந்தவரிடம், மகன் எங்கே என்று கேட்டேன். இத்தாலியில். வென்னப்புவ, மாரவிலப் பக்கத்தில் இத்தாலிக்கு ஆள் போகாத வீடு குறைவு. வீட்டு முகப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

"மகன் போனில் அழுகிறான், மாத்தயா. ஏறவேண்டாம் என்று. காசும் அனுப்புகிறான். ஆனால் ஒருநாள் சீவாவிட்டால் பாளை காய்ந்துபோகும். அதற்கு என்ன சொல்வது?"

"உங்களுக்குப் பிறகு?"

அவர் தோப்பைப் பார்த்தார். மறுபுறத்துத் தோப்பில் கயிறுகள் இல்லை. காய்க்கு விட்டுவிட்டார்களாம். ஆளில்லை. நாற்பது மரங்களுக்கு மேல் நடந்தவர், இப்போது இருபதோடு நிற்கிறார்.

நண்பன் டெமெராராப் போத்தலைத் திறந்து அவருக்கு ஒரு மிடறு ஊற்றினான். முகர்ந்து பார்த்தார். நாவில் வைத்துக் கண்ணை மூடினார். "நல்ல மரத்தில் வைத்திருக்கிறார்கள்" என்றார். பீப்பாயைத்தான் சொன்னார். மிச்சத்தைக் குடிக்காமல் திருப்பித் தந்துவிட்டார். காலையில் கொஞ்சம் கள் மட்டுந்தானாம். மரமேறும் ஒருவன் அதற்கு மேல் குடித்தால் கயிறு தெரியாது.

ஒரு முட்டியிலிருந்து எங்களுக்கும் ஊற்றினார். இளம் இனிப்பு, மெல்லிய புளிப்பு, அடியில் ஒரு எறும்பு. அண்ணன் பதினெட்டு வயதில் எனக்கு முதன்முதலாக வாங்கித் தந்ததும் இதே சுவைதான். அம்மாவுக்குத் தெரியாமல், தவறணைக்குப் பின்னால் நின்று. அதை நண்பனிடம் சொல்ல நினைத்தேன். முதல்நாள் சொன்னதே போதும் என்று விட்டுவிட்டேன்.

மார்ட்டினிக் போத்தலில் பாதிக்கு மேல் மீதமிருந்தது. அதை எனக்கே தந்துவிட்டுப் போனான். அலுவலக இழுப்பறையில், பழைய குறிப்பேடுகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு இப்போது எண்பத்தொரு வயது. 1998 இற்குப் பின் எங்கள் வீட்டுக்குள் எந்தப் போத்தலும் நுழைந்ததில்லை.