முதலில் 'நில்', அப்புறம் ஷேக்ஹேண்ட்

எங்கள் மணி (நாட்டு நாய்தான் சார், ராஜபாளையமெல்லாம் நம்ம பட்ஜெட்டுக்குக் கட்டுப்படியாகாது) ஷேக்ஹேண்ட் கொடுப்பான். விருந்தாளிகள் கைதட்டுவது அதற்குத்தான். என் ஓட்டு 'நில்'லுக்கு.

கேட்டைத் திறக்கும்போது 'நில்' சொல்லணும். நின்றால் அந்த விநாடியே உப்பில்லாமல் அவித்த சிக்கன், சின்னத் துண்டு. லேட்டாகக் கொடுத்தால் எதற்கு போனஸ் என்றே அவனுக்குப் புரியாது. பாய்ந்தால் கேட்டை மூடணும், திட்டக் கூடாது. தினமும் 5 நிமிஷம் போதும். வீட்டில் எல்லோரும் ஒரே வார்த்தை! பாட்டி மட்டும் 'இருடா' என்றால் கணக்கு உதைக்கும்.

போன வாரம் பால்காரர் கேட்டைத் திறந்து போட்டுவிட்டார். எதிர்ப்பக்கம் பூனை. நடுரோட்டில் தண்ணி லாரி. "நில்!" என்றேன். வால் மட்டும்தான் ஆடியது. லாரி போயிடுச்சு.

அன்றைக்கு என் டிபன் பாக்ஸ் முட்டையும் மணிக்கே.